வாசிக்கத் திணறும் மாணவருக்கு வரலாற்றுச் சான்றுகளை எளிமையாக்கலாமா?

ஈசூன் தந்தை:
சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உண்டு. ஜப்பானியர் ஆட்சிக்காலப் பாடத்தில் மற்றவர்கள் சான்றுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனுக்குக் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள் மட்டுமே தரப்பட்டது. சிங்கப்பூருக்கு 1942இல் சூட்டப்பட்ட புதுப் பெயர் 'சியோனான்' என்று சரியாக எழுதியிருந்தான். அதற்குத் 'தெற்கின் ஒளி' என்று பொருள் என்பதையோ, கைப்பற்றிய ஊருக்கு அப்படியொரு பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதையோ அவனிடம் யாரும் பேசவில்லை. வாசிக்கத் திணறுபவனுக்குச் சிந்திக்க வராது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்த ஆசிரியரை நான் குறைகூற மாட்டேன். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் தொடங்கி மாணவர்களைத் தேர்ச்சிப்படி பிரித்த வழக்கநிலை, விரைவுநிலை என்ற பிரிவுகள் நீங்கி, பாடத்துக்குப் பாடம் திறனுக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், அதனால் வகுப்பு நேரம் கூடிவிடவில்லை. புரியாத ஆங்கிலப் பத்தியை முன்னே வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் தலைகுனிந்திருப்பதைவிட, எளிய தாள் ஒன்றை முடித்த நிறைவு அந்தப் பிள்ளைக்கு நல்லது.

வரலாற்று ஆசிரியை:
நான் உடன்படவில்லை, ஐயா. மொழியை எளிமையாக்குவது வேறு, கேள்வியை எளிமையாக்குவது வேறு. அந்தத் தாள் கேள்வியையே எடுத்துவிட்டது. இதே பாடத்தை நான் வாழைமர நோட்டிலிருந்து, அதாவது வாழைமரப் படத்தால் அப்பெயர் பெற்ற ஜப்பானியர் காலப் பணத்தாளிலிருந்து, தொடங்குகிறேன். ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகளில் இரண்டைப் பெரிதாக்கி, வரிசை எண் உள்ள முந்தையதையும் எழுத்துகள் மட்டுமே உள்ள பிந்தையதையும் அருகருகே வைப்பேன். சென்ற ஆண்டு, வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த மாணவி ஒருத்திதான் முதலில், "இதில் எண்ணையே காணோமே, டீச்சர்" என்றாள். அச்சிட்ட பணத்தை எண்ணுவதை ஓர் அரசு ஏன் நிறுத்தும் என்று கேட்டேன். பணம் மலிந்தால் அரிசி விலை என்ன ஆகும் என்பது வரை வகுப்பு தானாகவே சென்றது. அதன்பிறகே எழுத்துச் சான்றைக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல், கடினமான சொற்களுக்கு மட்டும் ஓரத்தில் பொருள் எழுதியிருந்தேன். எழுதியவரின் தொனி அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. சொல்லை மாற்றிவிட்டு அவருடைய நோக்கத்தைக் கேட்பது மாணவரை ஏமாற்றுவதாகும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன. கண்ணால் வாசிக்க முடியாதவர் காதால் கேட்கலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நோட்டு எடுத்துக்காட்டை ஏற்கிறேன். என் அச்சம் வேறு. தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தாலும், அச்சிட்ட சான்றுகளைப் படித்துப் பதில் எழுதியே ஆக வேண்டும். வாயால் அழகாக விளக்கிவிட்டு எழுதுவதைத் தள்ளிப்போட்ட பிள்ளைகள் உயர்நிலை நான்கில் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வரலாற்று ஆசிரியை:
அது உண்மை. அதனால்தான் சொன்னதை அன்றைக்கே இரண்டு வரியாவது எழுதவைக்கிறேன். அதற்காக ஒரு கட்டுரைப் பயிற்சியைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நானாக இருந்தால் அதைக் குறைக்க மாட்டேன்.

ஈசூன் தந்தை:
நேற்றிரவு அந்தப் பெயரைப் பற்றி மகனிடம் கேட்டேன். "ஊரைப் பிடித்தவர்கள் தாங்கள் வெளிச்சம் கொண்டுவந்ததாகக் காட்டிக்கொள்ள நினைத்திருப்பார்கள்" என்றான். அதை எழுதச் சொன்னேன். அரைமணி நேரமானது, பிழைகளும் இருக்கின்றன. அவனுடைய ஆசிரியரிடம் காட்டலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கட்டாயம் காட்டுங்கள், ஐயா. ஆனால், பிழைகளை நீங்களே திருத்திவிடாதீர்கள்.