பச்சைப் படகு இன்னும் இருக்கிறதா?

குழு: பள்ளத்தூர் வளவு வீடு 🏠

*சனி*

நான் (இரவு 11:47): யாராவது விழித்திருக்கிறீர்களா? வளவில், முற்றத்தைச் சுற்றி வரும் அறைகளில் நம் அறைக்குள், மூடி போட்ட பெரிய ஓலைக் கொட்டான் ஒன்று இருந்ததே. சொப்புச் சாமான், மரப்பாச்சி, தகரப் படகு எல்லாம் அதில்தான் கிடந்தன. அது இன்னும் இருக்கிறதா?

*ஞாயிறு*

தேவகோட்டை அயித்தை (காலை 5:31): 🌺 இனிய காலை வணக்கம் 🙏 (பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படம்)

தேவகோட்டை அயித்தை (5:34): என்ன ஆத்தா, நடுராத்திரியில் கொட்டானைத் தேடுகிறாய்? உடம்புக்கு ஏதும் இல்லையே?

நான் (6:10): ஒன்றும் இல்லை அயித்தை. தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூர் தம்பி (7:15): 53 வயதில் சொப்பு வைத்துச் சமைக்கப் போகிறீர்களா ஆச்சி 😂

நான் (7:16): சமைத்தால் உனக்குக் கிடையாது.

நான் (7:29): நேற்று மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் போனேன். நடைபாதையில் ஒருவர் பேசினில் தண்ணீர் வைத்துத் தகரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். விலையைக்கூடக் கேட்காமல் எடுத்துவிட்டேன். வீட்டில் பக்கெட்டில் விட்டேன். குழாயில் தண்ணீர் ஏற்றி, திரியைப் பற்றவைத்து உள்ளே தள்ளினால் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றது. அப்புறம் டுபு டுபு என்று கிளம்பிவிட்டது. பக்கெட் சின்னது, முட்டி முட்டித் திரும்பியது. “இங்கே ஓடி வாங்களேன்” என்று வாயைத் திறந்துவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? எண்ணெய் தீரும்வரை குளியலறை முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல படகுதான். ஆனால் நம்முடையது பச்சை. பின்பக்கம் நசுங்கியிருக்கும்.

கே.எல். அண்ணன் (8:02): நசுக்கியது நான். 45 வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

நான் (8:03): தெரியும். ஆனால் அடி வாங்கியது நான்.

கே.எல். அண்ணன் (8:09): மழை பெய்தால் முற்றத்துத் தூம்பில் ஐயாவின் பழைய வேட்டியைத் திணித்துத் தண்ணீரைத் தேக்குவோமே. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் உள்ளேதானே விழும். ஒரு தடவை பட்டாலைத் திண்ணை வரைக்கும் ஏறி, அப்பத்தாவின் வடகப் பாய் மிதந்தது.

தேவகோட்டை அயித்தை (8:15): அந்தப் படகு ஐயா ரங்கூனில் இருந்து கொண்டுவந்தது.

பெங்களூர் தம்பி (8:21): அயித்தை, ஐயா 1942-ல் உயிர் பிழைத்தால் போதும் என்று பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். கையில் பொம்மைப் படகோடா வந்திருப்பார்? ஆனால் இந்தப் படகு அதைவிடப் பழைய சரக்குதான். 1891-லேயே தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். உள்ளே இருக்கிற சின்னப் பெட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். பெட்டியின் மேல்தகடு அதற்கேற்ப உப்பி அமுங்குவதுதான் அந்தச் சத்தம்.

நான் (8:23): சத்தத்தைக் கேட்காதவனுக்குத்தான் இவ்வளவு விளக்கம் வேண்டும் 🙄

பள்ளத்தூர் மருமகன் (8:40): என் அப்பத்தா, அதாவது உங்கள் பெரியாத்தா, குரல் பதிவு அனுப்பச் சொன்னார்கள், ஃபோனைத் தலைகீழாகப் பிடித்துப் பேசியதில் ஒன்றும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். படகு ரங்கூனும் இல்லை சிங்கப்பூரும் இல்லையாம். குன்றக்குடித் தைப்பூசத்தில் பெரியய்யா வாங்கியதாம். கொட்டானைத் தேடும் அயித்தை, நீங்கள்தான் ரோட்டில் புரண்டு அழுதீர்களாம்.

நான் (8:41): பெரியாத்தாவுக்கு இது மட்டும் மறக்காது.

கே.எல். அண்ணன் (8:52): *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

நான் (8:53): படித்துவிட்டேன் அண்ணன்.

கே.எல். அண்ணன் (9:04): சரி, சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஓடு மாற்றும்போது கையில் காசு பற்றவில்லை. இனாமல் தூக்கு, ஊறுகாய் ஜாடி, ஓட்டை அண்டா எல்லாவற்றையும் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டார். கொட்டானும் அதில் போயிருக்கும். உள்ளே என்ன என்று நான் திறந்து பார்க்கவில்லை.

பெங்களூர் தம்பி (9:06): காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேடிப் பாருங்கள் ஆச்சி, கிடைத்தாலும் கிடைக்கும்.

நான் (9:07): என் சொப்பை நானே பேரம் பேசி வாங்கவா?

(அடுத்த ஒன்றரை மணி நேரம் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. அயித்தைகூடப் போடவில்லை.)

தேவகோட்டை அயித்தை (10:38): ஆத்தா, கோபப்படாதே. மரப்பாச்சி என்னிடம் இருக்கிறது. பொம்பளைப் பொம்மை மட்டும். பேரனுக்கு உரைத்துப் போடலாம் என்று எடுத்து வந்தேன், மருமகள் கிட்டே விடவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கிறது.

நான் (10:39): மூக்கு?

தேவகோட்டை அயித்தை (10:44): தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. உன் காய்ச்சலுக்கு உரைத்து உரைத்துப் போனதுதான்.

நான் (10:45): நான்தான் அதற்குத் தினமும் பாவாடை மாற்றுவேன். அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கிக் கரையில்.

தேவகோட்டை அயித்தை (10:46): அந்தத் துணியும் இருக்கிறது.

பள்ளத்தூர் மருமகன் (11:20): அறையைத் திறந்துவிட்டேன். சாவி திரும்புவதற்கே தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. (4 படங்கள்) கொட்டான் இல்லை. பரண்மேல் பல்லாங்குழி இருக்கிறது. பித்தளைச் சொப்பில் ஆட்டுக்கல் மட்டும், குழவி இல்லை. படகு எங்கேயும் இல்லை அயித்தை, மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

நான் (11:26): பரவாயில்லை. ஆட்டுக்கல்லை மட்டும் இன்னொரு படம் எடு. கிட்டத்தில்.

பள்ளத்தூர் மருமகன் (11:31): (படம்) குழிக்குள் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது.

நான் (11:31): மாவு இல்லை, செங்கல் பொடி. சாம்பார்.

கே.எல். அண்ணன் (11:35): அந்தச் சாம்பாரை என்னைக் குடிக்க வைத்திருக்கிறாள் 🤢

பள்ளத்தூர் மருமகன் (11:50): அப்பத்தா கேட்கிறார்கள்: “வருவாளா, சும்மா கேட்டுவிட்டுப் போவாளா?” பல்லாங்குழியை இப்போதே துடைக்கச் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் கடைசியாகத் தோற்றது கள்ள ஆட்டமாம், நாலு கொட்டை சேராத குழியில் பசு எடுத்தீர்களாம்.

நான் (11:52): வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் வருகிறேன். மயிலாப்பூர் படகையும் எடுத்து வருகிறேன். தூம்பு அடைக்க ஒரு பழைய வேட்டி எடுத்து வை.

தேவகோட்டை அயித்தை (11:53): நான் சனிக்கிழமை காலை வருகிறேன். மரப்பாச்சியோடு.

நான் (11:54): மருமகனே, புளியங்கொட்டை எண்ணிப் பார். 14 குழி, குழிக்கு 5. மொத்தம் 70 இருக்க வேண்டும்.

பள்ளத்தூர் மருமகன் (மதியம் 12:07): 68 அயித்தை.

கே.எல். அண்ணன் (12:08): மீதி இரண்டை என்னிடம் கேட்காதீர்கள். அப்போது எனக்கு 6 வயது.