முதல் சைக்கிள் பந்தயம்: எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சக்கரம்:

வணக்கம். சில ஆண்டுகளாகத் தனியாகச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். வார நாள்களில் காலை ஒரு மணி நேரமும், வார இறுதியில் ஒரு நாள் 80 கிலோமீட்டர் அளவிலும் ஓட்டுவது வழக்கம். சமதளச் சாலையில் என் சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். வயது நாற்பதை நெருங்குகிறது. என்னிடம் இருப்பது அலுமினியச் சட்டமும் ரிம் பிரேக்கும் கொண்ட பழைய ரோடு பைக். அமெச்சூர்களுக்கான பந்தயம் ஒன்றிலாவது கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இப்போது வந்திருக்கிறது.

அதற்கு முன் கார்பன் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா? இந்த வேகத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஓட்ட முடியுமா, அல்லது இன்னும் ஓராண்டு உடலைத் தேற்றிக்கொண்டு வருவது நல்லதா? பந்தய வகைகளில் எதில் தொடங்குவது? கடைசி ஆளாக வருவதில் எனக்குக் கூச்சம் இல்லை. பிறரோடு நெருங்கி ஓட்டிப் பழக்கமே இல்லாத நான் தடுமாறி, என்னால் இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அச்சம்.

பின்காற்று:

போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன அந்த அச்சத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் சைக்கிளைப் பற்றியும் கால் வலுவைப் பற்றியும் மாதக்கணக்கில் கவலைப்பட்டுவிட்டு, கூட்டத்துக்குள் ஓட்டும் கலையைப் பந்தயத்தன்றே கற்றுக்கொள்ளலாம் என்று வந்து நிற்கிறார்கள். தொடக்கநிலைப் பந்தயங்களில் பலர் பின்தங்குவதற்கும் விழுவதற்கும் வலுக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

வேகக் கணக்கைப் பாருங்கள். காற்றைப் பிளந்து செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. நீங்கள் தனியே 28 கிலோமீட்டர் வேகத்தில் செலவிடுவதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, 38 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் போய்விடும். இதைக் கேட்டதும் பந்தயமே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டும்போது, அதே வேகத்துக்குத் தேவையான உழைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. பெரிய கூட்டத்தின் நடுவே இருந்தால் இன்னும் குறையும். ஆகவே தனியாக ஒருபோதும் எட்ட முடியாத வேகத்தில் கூட்டத்தோடு உங்களால் போக முடியும். முன்னால் இருப்பவரிடமிருந்து நான்கைந்து மீட்டர் விலகிவிட்டாலோ அந்தச் சலுகையின் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும். அச்சத்தில் இடைவெளி விட்டு ஓட்டுகிறவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, தனியாக ஓட்டும் களைப்பை வலிய ஏற்றுக்கொள்கிறார்.

எனவே முதல் வேலையாக, உங்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள ஒரு சைக்கிள் மன்றத்தைக் கண்டுபிடித்து அவர்களுடைய குழுப் பயிற்சிக்குச் செல்லுங்கள். தொடக்கத்தில் கூட்டத்தின் பின்பகுதியில், முன்னவரின் சக்கரத்துக்கும் உங்கள் சக்கரத்துக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஓட்டுங்கள். மனம் பழகப் பழக அதை அரைச் சக்கர அளவுக்குக் குறைக்கலாம். பார்வை முன்னவரின் டயரில் நிலைத்துவிடாமல் அவருடைய தோளுக்கு மேலாக நான்கைந்து பேர் தாண்டிச் செல்ல வேண்டும். அங்கே நடப்பதுதான் இரண்டு விநாடி கழித்து உங்களிடம் வந்து சேரப்போகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் பிரேக்கை அழுத்துவதற்கு முன் பெடலை நிறுத்தியோ, கூட்டத்திலிருந்து சற்றே பக்கவாட்டில் தலைகாட்டிக் காற்றை வாங்கியோ குறைக்கப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து நிற்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்கச் சிறிது ஒதுங்கினாலும் இரண்டு சக்கரங்களும் உரசும். அப்படி உரசும்போது பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான். மன்றத்தில் நம்பிக்கையான ஒருவர் கிடைத்தால், புல்தரையில் மிக மெதுவாக ஓட்டியபடி தோளோடு தோள் இடித்தும், சக்கரத்தோடு சக்கரம் மெல்ல உரசியும் பழகிப் பாருங்கள். பார்ப்பவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். பந்தயத்தில் யாரேனும் முழங்கையால் தொட்டவுடன் உடல் விறைத்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

புதிய சைக்கிள் வேண்டாம். தொழில்முறைப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சைக்கிளைப் பன்னாட்டுச் சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. அனுமதிப்பதில்லை; உங்கள் சைக்கிள் அதைவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாக இருந்தாலும் சமதளத்தில் அதன் பாதிப்பு சொற்பமே. செலவு செய்துதான் தீர வேண்டும் என்றால் நல்ல டயர் வாங்குங்கள். சட்டத்தில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் அகலமுள்ளதைப் போட்டு, காற்றைக் கல்லாக அடைக்காமல் சற்றுக் குறைவாக வையுங்கள். கரடுமுரடான சாலையில் மிகுந்த அழுத்தமுள்ள டயர் துள்ளித் துள்ளி வேகத்தையும் பிடிப்பையும் இழக்கும்.

மணிக்கணக்கு:

பின்காற்று சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வரிசையில் உடன்பாடு இல்லை. கூட்டத்தில் ஓட்டக் கற்பதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை பந்தய அனுபவமே இல்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. டைம் ட்ரையல் என்னும் வகையில் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட இடைவெளியில் தனித்தனியாகப் புறப்படுகிறார்கள். பிறர் பின்னால் ஒட்டி ஓட்டுவது விதிப்படி தடை. ஆகவே உங்களால் இன்னொருவர் விழும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. 16 கிலோமீட்டர் தொலைவுள்ள ஒன்றில் பெயர் கொடுத்துப் பாருங்கள். பதிவு செய்வது, எண் அட்டை குத்துவது, உடலைச் சூடாக்குவது, புறப்படும் கோட்டில் இதயம் அடித்துக்கொள்வதைச் சமாளிப்பது ஆகிய அனைத்தும் அங்கேயே பழகிவிடும். முதல் சில நிமிடங்களில் உற்சாக மிகுதியால் முழு வலுவையும் கொட்டிவிடாமல், கடைசிக் கிலோமீட்டர் வரை சீராகப் பகிர்ந்து செலவிடுவது எப்படி என்பதையும் வேறெந்தப் பந்தயமும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது.

தனியாக ஓட்டிப் பழகியதை ஒரு குறையாகவே இங்கே பலரும் பேசுவதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாத ஒரு கணிதவியல் ஆய்வாளர். பந்தயம் தொடங்கிய உடனேயே முன்னால் பிரிந்து சென்ற சிறு குழுவில் இருந்த அவர், பிறகு அவர்களையும் விட்டுவிட்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தனியாகவே ஓட்டி முடித்தார். ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு ரேடியோத் தொடர்பு அனுமதிக்கப்படாததால் பின்னால் வந்த கூட்டத்தில் சிலருக்கு அவர் முன்னால் இருப்பதே தெரியவில்லை; 75 விநாடி கழித்து இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன், தாம் வென்றுவிட்டதாகவே நினைத்துக் கையை உயர்த்தினார். நம்மைப் போன்றவர்கள் ஒலிம்பிக்கைக் கனவு காண வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தனியாக நெடுந்தொலைவு சீராக ஓட்டும் பழக்கம் பந்தயத்தில் ஓர் ஆயுதமாகவும் ஆகலாம் என்பதற்காகச் சொன்னேன்.

புதுச்சக்கரம்:

இருவருக்கும் நன்றி. மன்றத்தின் குழுப் பயிற்சியில் சேர்வது, அதற்கு இணையாக ஒரு டைம் ட்ரையலில் பெயர் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு எனக்கு வாய்ப்புள்ளது கிரிட்டீரியம் பந்தயம்தான். மூடிய சாலையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று, 40 நிமிடமும் அதற்கு மேல் சில சுற்றுகளும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கான உடற்பயிற்சியும் நான் வழக்கமாக ஓட்டுவதும் ஒன்றுதானா? வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

மலைக்கியர்:

ஏழெட்டு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த நேரத்தை நீங்கள் இப்போது செலவிடும் விதம் மாற வேண்டும். தனியாக ஓட்டுகிற பெரும்பாலோர் எல்லா நாளும் ஒரே மிதமான வேகத்தில் ஓட்டுகிறார்கள். அது களைப்பைத் தரும் அளவுக்குக் கடினமாகவும், உடலை மாற்றும் அளவுக்குப் போதாததாகவும் அமைந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உண்மையிலேயே கடினமாக ஓட்டுங்கள். எஞ்சிய நாள்களில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டுவதற்கு ஒழுக்கம் வேண்டும், குறிப்பாக யாராவது முந்திச் செல்லும்போது.

கடினமான நாள்களில் ஒன்றில், நான்கு நிமிடம் உச்சத்துக்குச் சற்றுக் குறைவாக உழைத்து நான்கு நிமிடம் தளர்வாக ஓட்டுவதை நான்கு முறை செய்யலாம். இன்னொரு நாள் கிரிட்டீரியத்துக்கென்றே 30 விநாடி பாய்ச்சலும் 30 விநாடி தளர்வுமாகப் பத்து நிமிடம் செய்து, நன்றாக ஓய்ந்தபின் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். கிரிட்டீரியத்தின் இயல்பே அப்படிப்பட்டதுதான். கூட்டத்தின் முன்பகுதியில் இருப்பவர்கள் வளைவில் வேகத்தை அதிகம் குறைக்காமல் போய்விடுவார்கள். அடுத்தடுத்து வருபவர்கள் சிறிது சிறிதாகக் கூடுதலாகப் பிரேக் பிடிப்பதால், கடைசியில் இருப்பவர் ஏறக்குறைய நின்று, பிறகு முழு வலுவோடு பாய்ந்து கூட்டத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஹார்மோனியத்தின் துருத்தி விரிந்து சுருங்குவதுபோல் ஒவ்வொரு வளைவிலும் இது நடக்கும். சராசரி வேகம் எல்லாருக்கும் ஒன்றே என்றாலும் பின்னால் இருப்பவரின் கால்தான் முதலில் வற்றும். எனவே முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கப் பாருங்கள். அங்கே நிலைத்திருப்பது எளிதல்ல. இருபுறமும் ஆட்கள் முந்திக்கொண்டே இருப்பதால், நீங்களும் அவ்வப்போது முன்னேறினால்தான் இருந்த இடத்திலாவது இருப்பீர்கள்.

வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள். கைகள் வளைபிடியின் (ஹேண்டில்பாரின்) கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடை அதன்மேல், பார்வை வளைவின் முடிவில். நடுவில் ஓட்டும் பாதைக்கோடு மாறாமல் போவது உங்கள் கடமை. பக்கத்தில் இருப்பவர் அதை நம்பித்தான் தம்முடைய கோட்டைத் தேர்ந்திருக்கிறார்.

மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால், 20 நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி அதன் சராசரியில் 95 விழுக்காட்டை உங்கள் ஒருமணி நேரத் திறனாக வைத்துக்கொண்டு பயிற்சி அளவுகளை வகுக்கலாம். இல்லாவிட்டால் மூச்சே போதுமான அளவுகோல். பந்தயத்துக்கு முந்தைய வாரம் பயிற்சி நேரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறையுங்கள், வேகப் பயிற்சியை மட்டும் முற்றாக விட்டுவிடாதீர்கள். கிரிட்டீரியம் தொடங்கும்போதே முழு வேகத்தில் தொடங்கும் என்பதால் 20 நிமிடமாவது உடலைச் சூடாக்கி, அதில் இரண்டு மூன்று சிறிய பாய்ச்சல்களையும் சேர்த்துக்கொண்டு கோட்டுக்கு வாருங்கள். 40 நிமிடப் பந்தயத்துக்கு இடையில் உண்ண வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் உண்ட உணவும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும்.

வெள்ளைக்கோடு:

நான் பந்தயங்களில் நடுவர் பணியில் நிற்பவன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன்.

பெரும்பாலான நாடுகளில் தேசியக் கூட்டமைப்பின் உரிமம் தேவைப்படும். புதியவர்களுக்காக ஒருநாள் உரிமமும் பல இடங்களில் தரப்படுகிறது. நீங்கள் சேர வேண்டியது மிகத் தாழ்ந்த பிரிவில். நாற்பதை நெருங்குவதால் வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவிலும் இடம் இருக்கலாம், ஆனால் அதை மென்மையான பிரிவு என்று எண்ணிவிடாதீர்கள். இருபது ஆண்டு பந்தய அனுபவத்தோடு வருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதியவர்களோடு தொடங்குவதே நல்லது.

சைக்கிளில் நாங்கள் பார்ப்பவை எளியவை: இரண்டு பிரேக்குகளும் வேலை செய்கின்றனவா, வளைபிடியின் இரு முனைகளும் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, எதுவும் தளர்ந்து ஆடுகிறதா. திறந்திருக்கும் குழல்முனை விழுந்தவரின் உடலில் கத்தியாக இறங்கும் என்பதால் அந்தச் சிறிய அடைப்பான் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. டைம் ட்ரையலில் பயன்படும் நீட்டுப்பிடிகளைக் கூட்டமாகப் புறப்படும் பந்தயத்துக்குக் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2003ஆம் ஆண்டு பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகு தொழில்முறைப் பந்தயங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது.

எண் அட்டையை எந்தப் பக்கம் குத்தச் சொல்கிறார்களோ அந்தப் பக்கமே குத்துங்கள். எங்கள் மேசையும் கேமராவும் அந்தப் பக்கம்தான் இருக்கும். டயர் வெடித்தாலோ விபத்தில் சிக்கினாலோ பல கிரிட்டீரியங்களில் ஒரு சுற்று ஓய்ந்து மீண்டும் கூட்டத்தில் சேர அனுமதி உண்டு, ஆனால் கடைசிச் சில சுற்றுகளில் கிடையாது; அந்த விதியைப் புறப்படும் முன் நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டம் உங்களை ஒரு முழுச் சுற்று முந்தும் நிலை வந்தால் நாங்கள் விசில் ஊதி வெளியேறச் சொல்லக்கூடும். அது தண்டனை அல்ல. பின்னால் வரும் வேகமான கூட்டத்துக்கு வழியில் மெதுவாகப் போகும் ஒருவர் இடராக இருப்பார், அவ்வளவுதான்.

மணி அடித்தால் கடைசிச் சுற்று. அந்தச் சுற்றில் உங்களுக்கு முன்னேற வலு இல்லை என்று தெரிந்தால், திடீரென்று விலகாமல், இருக்கும் கோட்டிலேயே நேராக ஓட்டி வாருங்கள். இடம் வேண்டியவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். முடிவுக்கோட்டைக் கடந்த உடனே பிரேக்கில் கை வைக்க வேண்டாம், பின்னால் வருபவர்கள் இன்னும் முழு வேகத்தில் இருப்பார்கள். ஒரு சுற்று மெதுவாகப் போய்த் திரும்பி வந்து, காலில் நேரம் பதியும் சிப் கட்டியிருந்தால் அதை மறக்காமல் மேசையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் நாங்கள் தொலைபேசியில் துரத்துவது அதற்காகத்தான்.