தியான முகாமில் என்னைப் படுத்திய தூக்கம்

மூன்றாவது முறையாகப் பத்து நாள் முகாமுக்குப் போனபோது நடந்தது இது. பர்மிய பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்றுக்கொடுத்த தியான முறை. ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், நாள் முழுக்க இப்படியே மாறி மாறி. உட்காரும்போது வயிறு எழுவதையும் தணிவதையும் கவனித்து, 'எழுகிறது, தணிகிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய இரண்டு முறையும் முழங்கால் வலி உயிரை வாங்கியது. இந்த முறை வலியே இல்லை. அடடா, தேறிவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தூக்கம் பிடித்துக்கொண்டது. இரவு நன்றாகத் தூங்கியும், கண்ணை மூடிய பத்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும்.

ஆசிரியரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தலை தொங்குவதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். முழித்தேன். "சரி, பார்த்துவிட்டு நாளைக்கு வந்து சொல்லுங்கள்."

அப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் வயிற்றின் அசைவு மெலிந்துபோகும். பார்க்க ஒன்றும் இல்லையே என்று மனதுக்கு ஒரு சின்னச் சலிப்பு வரும். அதன் பின்னாலேயே இதமாக ஒரு மந்தம். முந்தைய முகாம்களில் இதைத்தான் 'ஆழ்ந்த அமைதி' என்று பெருமையாக நினைத்திருக்கிறேன்! பிறகு துண்டு துண்டாகக் காட்சிகள், தலை விழும். தியானத்துக்குத் தடையாக பௌத்தம் சொல்லும் ஐந்து நீவரணங்களில் ஒன்றான தீனமித்தம் (சோம்பலும் தூக்கக் கலக்கமும்) பற்றி எவ்வளவோ படித்திருந்தும், அது இவ்வளவு சுகமாக வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள் அந்தச் சலிப்பையே 'சலிப்பு, சலிப்பு' என்று குறித்தேன். மந்தம் வரவில்லை, மெலிந்த அசைவு தெளிவாகத் தெரிந்தது, நெடுநேரம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் மட்டும் கடைசி நாள் வரை தோற்றேன்.

*

மேலே உள்ள அனுபவத்தை எழுதியவர் வேறொருவர்; அதைப் படித்ததும் எனக்கு, புத்தரின் முக்கியச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானர் ஞாபகம் வந்தது. அவரும் தியானத்தில் தூங்கி விழுந்தவர்தான். புத்தரின் உரைகள் அடங்கிய பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் அவருக்கு வரிசையாக வழி சொல்கிறார்: எந்த நினைப்பில் இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை விடு, காதைப் பிடித்து இழு, கண்ணைக் கழுவிவிட்டு நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட. எதுவுமே பலிக்கவில்லை என்றால் வலப்பக்கம் சாய்ந்து படு, விழித்ததும் உடனே எழுந்துவிடு.

நான் என் முதல் முகாமில் நேராகக் கடைசி வழிக்கே போய்விட்டேன். உடனே எழுவதுதான் நடக்கவில்லை.