தம்புராவை 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு ஏற்றினால் தந்தி அறுகிறது, ஏன்?

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பாடுபவரின் சுருதி 2 கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). ஒரு சுரம்தானே ஏறுகிறது, அதற்கே சாரணி (ஸட்ஜத்தில் சேர்க்கும் நடுத் தந்தி) அறுந்துவிடுகிறது. பலமாக மீட்டினால் சுருதி ஏறுமா?

சித்தூர் தம்புரா: ஏறாது சார். மீட்டும் பலம் அதிர்வின் வீச்சைத்தான் கூட்டும்; ஒலி பெரிதாகும், அவ்வளவே. சுருதி என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது. ஆண்குரல் தம்புராவில் 1 கட்டை சாரணி சுமார் 130.8 ஹெர்ட்ஸ், 2 கட்டை 146.8. அதிர்வெண் 12 சதவீதம் கூடினாலும், அது இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். பழைய, துருப்பிடித்த தந்தி அதைத் தாங்காது. ஒரு அளவு மெல்லிய புதுத் தந்தி போடுங்கள், குறைந்த இழுவிசையிலேயே 2 கட்டை நிற்கும். மந்திரத்துக்கு (கீழ் ஸட்ஜத் தந்திக்கு) பித்தளைத் தந்தி போடுவதும் இதே கணக்குதான்: கனம் கூடினால் அதிர்வெண் இறங்கும்.

பாலக்காடு வாசகி: முதலில் பிருடையை (தந்தியை முறுக்கும் முளையை) திருகி சுருதிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள், மீதியைத் தந்தியில் கோத்த மணியை நகர்த்திச் சேர்த்துவிடுங்கள். இரண்டு சாரணியும் சேராவிட்டால் ஒலி அலை அலையாய் ஏறி இறங்கும். நொடிக்கு 2 அலை என்றால் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ். அலை மெதுவாகி மறையும் இடமே சரியான இடம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சூடாக வீசும் மதியத்தில் எஃகு விரிந்து சுருதி இறங்கும். கச்சேரி நடக்கும் இடத்திலேயே சுருதி சேர்த்துவிடுங்கள் அண்ணா.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பஞ்சமத் தந்தியை எந்த அளவில் வைப்பது?

சித்தூர் தம்புரா: சாரணி அதிர்வெண்ணில் முக்கால், 2 கட்டைக்குச் சுமார் 110 ஹெர்ட்ஸ். ஜீவா நூலை (குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலை) கடைசியில் வையுங்கள்.