90,000 ரூபாய் அட்வான்ஸும் ஒரு டைரிப் பக்கமும்

வாய்ப்பேச்சில் வீடு எடுத்து ஐந்து வருடம் நிம்மதியாக இருந்தவன் நான். அதனால் வாய்ப்பேச்சே தப்பு என்று சொல்ல மாட்டேன். யாரோடு பேசினோமோ அவர் இல்லாமல் போகும் நாளில் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2013 ஜூனில் சென்னை நங்கநல்லூரில் ஒரு மாடி வீடு. வாடகை 9,000, பத்து மாத அட்வான்ஸ் 90,000. அதில் 50,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். மீதி 40,000 ரொக்கம். அக்ரிமென்ட் போடலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி அதெல்லாம்?" என்றார் ஹவுஸ் ஓனர் ஐயா. கீழ் வீட்டில்தான் அவரும் அம்மாவும் இருந்தார்கள். "காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்குன்னு நான் ஒண்ணும் பிடிக்க மாட்டேன்" என்று அவராகவே சொன்னார். தை பிறந்தால் 500 ரூபாய் ஏற்றுவார். வேறு எந்தத் தொல்லையும் கிடையாது. 2015 வெள்ளத்தின்போது எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத இரண்டு நாளும் அம்மா கையால்தான் சாப்பாடு.

2018 தொடக்கத்தில் ஐயா காலமானார். மகன் வெளியூரிலிருந்து வந்து வீட்டைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். சரி என்று நானும் வேறு வீடு பார்த்தேன். கணக்கு முடிக்க உட்கார்ந்தபோதுதான் இடி விழுந்தது. "அப்பா பாஸ்புக்ல 50,000 தான் சார் வந்திருக்கு" என்றார். அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பாஸ்புக். என் கையில் அதுகூட இல்லை.

மூன்று நாள் தூக்கமில்லை. அம்மாதான் பூஜை அலமாரிக்கு மேலிருந்து ஐயாவின் பழைய டைரியை எடுத்து வந்தார். பால் கணக்கு, மாத்திரைக் கணக்குக்கு நடுவில் பச்சை மையில் ஒரு வரி: "மாடி அட்வான்ஸ் ரொக்கம் 40,000 வந்தது. ஆக 90,000." மகன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாளே பணம் வந்தது, ஒரு மாத வாடகை 11,500 போக. பெயிண்ட் செலவாம். ஐயா சொன்ன வார்த்தை எந்த டைரியிலும் இல்லையே, விட்டுவிட்டேன்.

அடுத்து குரோம்பேட்டை. இந்த முறை 20 ரூபாய் பத்திரத்தில், டைப்பிங் சென்டரில் அடித்த அக்ரிமென்ட். எழுத்தில் இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட இருந்தேன். என் மனைவிதான் "முதல்ல படிங்க" என்றாள். சொத்து விவரத்தில் வில்லிவாக்கம் முகவரி இருந்தது! யாருக்கோ அடித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஓனர் சொன்னால் 15 நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு 15 நாளில் எங்கே போவது? இரண்டு மாதம் என்று மாற்றச் சொன்னேன். ஓனர் கோபப்படுவாரோ என்று பயந்தேன். "நியாயம்தானே" என்று சொல்லிவிட்டார். முகவரியையும் அந்த 15 நாளையும் பேனாவால் திருத்தி, பக்கத்திலேயே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

எல்லோரும் அக்ரிமென்ட்டை 11 மாதத்துக்கே போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆனால் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 11 மாதமானாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. அந்த ‘தவிர’வை வைத்துத்தான் சென்னையில் இன்னும் அதிகம் கேட்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது.

ஓனர் பக்கமும் வலி உண்டு. தாம்பரத்தில் என் சித்தப்பா வீட்டில் இருந்தவர் ஏழு மாத வாடகை தரவில்லை. வக்கீலிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, அக்ரிமென்ட் எங்கே? சித்தப்பாவிடம் இருந்தது ஒரு போன் நம்பர் மட்டும்.

இப்போது இருக்கும் வீட்டின் ஓனர் அக்கா எங்களைவிடக் கறார். இபி யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணி லாரிக் காசு யார் பொறுப்பு, குழாய் ஒழுகினால் யார் சரிசெய்வது, எல்லாம் எழுத்தில். குடிபோன அன்றே மீட்டர் ரீடிங்கையும் சுவரில் இருந்த ஓதத்தையும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார். போன தையில் 700 ரூபாய் ஏற்றியபோது, அக்ரிமென்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்து வாங்க அவர்தான் பேனாவோடு மாடியேறி வந்தார்.