இயங்கும் நிட்டிங் யூனிட்டை வாங்குவதில் சிக்கல்: பழைய ஜிஎஸ்டி பாக்கி குறித்து ஆலோசனை தேவை

திருப்பூரில் சகோதரர்கள் இருவர் கூட்டாக நடத்திவரும், ஜாப் ஒர்க் அடிப்படையில் (பிறர் தரும் நூலைக் கூலிக்குப் பின்னித் தரும் முறையில்) இயங்கும் நிட்டிங் யூனிட் ஒன்று விலைக்கு வந்துள்ளது. மார்ச் இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கினால் ஆர்டர் பிடிப்பதிலேயே காலம் கரைந்துவிடும் என்பதால் இதையே வாங்க விரும்புகிறேன்.

தடையாக நிற்பது, இன்னும் முடியாத ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸ். தொழிலை அப்படியே வாங்கினால், கைமாறும் நாள் வரையிலான வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு, அவை பின்னர் நிர்ணயிக்கப்பட்டாலும்கூட, விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவு.

ரிட்டர்ன்களையும் மின்கட்டண ரசீதுகளையும் சரிபார்த்தேன். இயந்திரங்களின் மீதிருந்த வங்கிக் கடன் முடிந்ததற்கான கடிதமும் உள்ளது. இயந்திரங்களை மட்டும் கேட்டதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. முதலில் கூட்டாளியாகச் சேரலாம் என்கிறார் எங்கள் ஆடிட்டர். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, சேருவதற்கு முந்தைய செயல்களுக்குப் புதிய கூட்டாளி பொறுப்பாளி அல்லர் என்பது உண்மைதான். ஆனால் நான் போடும் முதலீடு நிறுவனத்தின் பணமாகி, பழைய பாக்கிக்குப் போய்விடலாமே, அதற்கு என்ன காப்பு?

இத்தகைய நோட்டீஸ் முடியும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து ஒப்பந்தம் எழுதியவர்கள், அத்தொகையை எவ்வளவு காலத்துக்கு, யாருடைய பொறுப்பில் வைத்தீர்கள்?