புதுப்பிப்பு: பின்பக்க டேஷ்கேம் மாட்டியாச்சு
காரின் பின்பக்க டேஷ்கேமை (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பின்கண்ணாடிக்கு உள்ளே வைப்பதா, வெளியே நம்பர் பிளேட்டுக்கு மேலே வைப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். உள்ளேயே வைத்துவிட்டேன். வெளியே என்றால் சேறும் மழைத்துளியும் லென்ஸில் அப்பிக்கொள்ளும்.

ஆனால் பின்கண்ணாடியில் இருக்கும் டீஃபாகர் கோடுகளை (கண்ணாடியைச் சூடாக்கிப் பனிமூட்டத்தை நீக்கும் மெல்லிய கம்பிகள்) மறந்துவிட்டேன்! ஒரு கோடு படத்தின் நடுவே மங்கலான பட்டையாக விழுந்தது. இரண்டு கோடுகளுக்கு இடையே நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

பகலில் 1080பி (ஃபுல் எச்டி) தெளிவு தாராளம். இரவில்தான் சிக்கல்: பின்னால் வருபவரின் ஹெட்லைட்டில் நம்பர் வெளுத்துப்போகிறது. அதற்கு 4கே (1080பி-யைவிடக் கூடுதல் தெளிவு) என்ற பெயரைவிட நல்ல சென்சாரும், அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் எச்டிஆர் வசதியும்தான் உதவும். வெயிலில் நிற்கும் வண்டி என்பதால், லித்தியம் பேட்டரிக்குப் பதில், சூட்டை நன்றாகத் தாங்கும் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகம்) உள்ள மாடலாக எடுத்தேன்.

அப்புறம், டிக்கி கதவின் ரப்பர் குழாய்க்குள் கேபிளை நுழைக்கவே அரை நாள் போனது.